தலைப்பிரசவத்தைப் பற்றிய பயமும் அதைத் தணிக்கும் வகையும்

நாசரேத்தைச் சூழ்ந்த கிராமங்களில் ஒரு பெண் முதன்முறையாகக் கருவுற்றால், வீட்டார் அவள் வாய்க்குப் பிடித்ததைத் தேடிக் கொடுக்கிறார்கள். உரிய மாதத்தில் வளையல் அடுக்கிப் பார்த்து மகிழ்கிறார்கள். பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார்கள். இவ்வளவும் செய்கிறவர்கள், பிரசவம் எவ்வாறு நடைபெறும் என்பதை மட்டும் அவளுக்குச் சொல்வதில்லை. அதைப் பேசுவது நாணத்துக்குரியது என்று சிலரும், முன்னதாகச் சொன்னால் பெண் மிரண்டுபோவாள் என்று சிலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அவள் ஒன்றும் கேளாமல் இருந்துவிடுவதில்லை. கிணற்றடியிலும், விடிலியில் பதநீர் காய்ச்சும் அடுப்பின் அருகிலும், இன்னாள் மூன்று நாள் துடித்தாள், இன்னாள் பிழைத்தது மறுபிறப்பு என்னும் கதைகள் அவள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. நடப்பது இன்னதென்று சொல்ல ஆளில்லை. நடுங்கச் செய்வதைச் சொல்லப் பலர் உளர்.

இந்தப் பயம் ஒரு காலத்தில் வீண்பயமாக இருக்கவில்லை. நாசரேத்தில் டாக்டர் ஸ்டிராச்சன் என்னும் மிஷனரி 1870-ஆம் ஆண்டில் லூக்கா ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். 1876-ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்து, 1908-ஆம் ஆண்டில் காலமாகும்வரை தொண்டாற்றிய மர்காஷிஸ் பாதிரியார் அந்தப் பணியைத் தொடர்ந்து நடத்தினார். அவர் பெயரால் விளங்கும் பள்ளிக்கூடத்தை அவ்வட்டாரத்தில் அறியாதார் இல்லை. ஆயினும் ஊரில் ஆஸ்பத்திரி இருப்பது ஒன்று; பிரசவ வேதனையிலுள்ள பெண் அதன் வாசற்படியை மிதிப்பது மற்றொன்று. ஆடவரான வைத்தியர் பிரசவம் பார்ப்பதை அக்காலத்துக் குடும்பங்கள் பல ஒப்பவில்லை. அதன் விளைவு எத்தகையது என்பதற்கு வடக்கே திண்டிவனத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் பிரசித்தமானது. 1890-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் ஓர் இரவில், ஐடா ஸ்கடர் என்னும் இளம் அமெரிக்கப் பெண்ணிடம் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவிக்க இயலாமல் வருந்தும் தம் மனைவியரைக் காப்பாற்றுமாறு மன்றாடினர். அவர் வைத்தியம் கற்றவரல்லர். கற்றவரான அவருடைய தந்தையை அம்மூவரில் ஒருவரும் ஏற்கவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று வைத்தியம் பயின்று திரும்பினார். வேலூரில் 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கென வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார். பாட்டிமார் சொல்லும் பயங்கரக் கதைகளுக்கு வேர் இத்தகைய இரவுகளில் இருக்கிறது. அவர்களைப் பழிப்பது நியாயமன்று.

காலம் மாறியிருக்கிறது. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளிலேயே நடந்தன. 2018–20-ஆம் ஆண்டுகளின் கணக்கில், லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் இறந்த தாய்மார் தமிழ்நாட்டில் 54 பேர்; இந்தியா முழுமைக்கும் அத்தொகை 97. ஆபத்து இவ்வாறு குறைந்தும் பயம் அதே அளவில் குறைந்ததாகத் தோன்றவில்லை. மேற்படி கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தன. தனியார் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 63-க்கு மேல். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் வைத்தியரைச் சார்ந்தவையும் உண்டு. தாயையும் சேயையும் காக்க அறுவை அவசியமாகும் சமயங்களில் அதை மறுப்பது மூடத்தனம். ஆனால் வலியைத் தாங்க முடியாது என்ற எண்ணம் ஒன்றினாலேயே, ஆரோக்கியமான பெண்ணும் அவளைச் சேர்ந்தவர்களும் அறுவையைக் கேட்டு வாங்கும் வழக்கம் வருந்தத்தக்கது. அறுவைக்குப்பின் உடல் தேற நாள் கூடுதலாகும். அடுத்த பிரசவத்திலும் அதன் விளைவு தொடரும்.

பயம் மனத்தோடு நின்றுவிடுவதுமில்லை. கருப்பையைச் சுருங்கச் செய்வது ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு. மிரட்சியடைந்தவர் உடலில் அட்ரினலின் முதலிய வேறு சுரப்புகள் மிகுந்து அதன் வேலைக்குக் குறுக்கே நிற்கின்றன. உடல் விறைக்கிறது, விறைத்த உடலில் வலி மிகுகிறது, மிகுந்த வலி மறுபடியும் பயத்தை வளர்க்கிறது. கிராண்ட்லி டிக்-ரீட் என்னும் ஆங்கில வைத்தியர் 1933-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்தச் சுழலை விளக்கினார். லண்டனின் ஏழைமக்கள் பகுதியில் ஒரு பெண் மயக்கமருந்தை மறுத்து அமைதியாகப் பிள்ளை பெற்றதும், தனக்கு நோகவில்லை என்று அவள் சொன்னதும் அவரை இந்த ஆராய்ச்சியில் செலுத்தின. பயம் நீங்கினால் வலியே இராது என்னும் அளவுக்கு அவரைப் பின்பற்றிய சிலர் சென்றது மிகை. வலி இருக்கும், பயமற்றவளுக்கும் இருக்கும். ஆயினும் அடிப்படைக் கருத்து பொய்க்கவில்லை. நார்வே தேசத்தில் 2,200-க்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, மிகுந்த பயமுடையவர்களுக்குப் பிரசவ நேரம், மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபின்னும், சராசரி 47 நிமிஷம் நீண்டிருந்தது.

ஆகவே ஏழாம் மாதம் பிறந்தவுடன், நம்பிக்கைக்குரிய ஒருத்தி அமர்ந்து நிதானமாகச் சொல்லவேண்டியவை சில உண்டு. முதலாவது, வலி இடைவிடாமல் இருப்பதன்று. அது அலைபோல் எழுந்து, உச்சிக்குச் சென்று, தணியும். பலத்த வலியும் பெரும்பாலும் ஒரு நிமிஷ அளவே நீடிக்கும். அடுத்தது வரும்வரை ஓய்வு உண்டு. மூன்று நாள் துடித்தாள் என்று கேட்ட பெண், மூன்று நாளும் ஒரே வேதனை என்றே எண்ணிக்கொள்கிறாள். இடையில் ஓய்வு உண்டென்பதை அறிவதே பாதி ஆறுதல். கடைசி வாரங்களில் வந்துபோகும் சூட்டு வலிக்கும் மெய்யான பேற்று வலிக்கும் உள்ள வேறுபாட்டையும் அவள் அறியவேண்டும். முன்னது ஒழுங்கின்றி வந்து, ஓய்வெடுத்தால் அடங்கும். பின்னது வரவர நெருங்கியும் வலுத்தும் வரும். ஐயம் தோன்றினால் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, நேரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லவேண்டும். கருப்பையின் வாய் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்தபின்தான் குழந்தை வெளிவர இயலும். தொடக்கத்தில் அது மிக மெதுவாக விரியும். அந்தப் பகுதி இத்தனை மணியில் முடியும் என்று யாரும் வரையறுக்க முடியாது. ஐந்து சென்டிமீட்டர் ஆனபின் தலைப்பிரசவத்தில் வழக்கமாகப் பன்னிரண்டு மணிக்குள் முழுதும் விரியும் என்றும், அதன்பின் குழந்தை பெரும்பாலும் மூன்று மணிக்குள் பிறக்கும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. இதை அறியாத வீட்டார் இரண்டு மணி கழிவதற்குள் ஏன் இன்னும் பிறக்கவில்லை என்று வாசலில் நின்று கூச்சலிடுவதும், அது உள்ளே படுத்திருப்பவள் செவியில் விழுவதும் வழக்கமாயிருக்கிறது. படுத்தே கிடக்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. வைத்தியர் தடுக்காதவரையில் நடக்கலாம், சாய்ந்து நிற்கலாம், நீர் அருந்தலாம். மூச்சை மூக்கால் மெதுவாக இழுத்து, அதனினும் மெதுவாக வாயால் விடுதலை வீட்டிலேயே நாள்தோறும் சிறிது நேரம் பழகிவந்தால், வலி எழும்போது உடல் விறைக்காமலிருக்க அது உதவும்.

சொல்லிக்கொடுப்பதைக் காட்டிலும் ஒருகால் மேலானது, அருகில் துணையிருப்பது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், மூழ்குகிறவன் தனியே இறங்குவதில்லை. அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை தோணியில் நம்பிக்கையான ஒருவன் கையில் இருக்கும். பிரசவ அறையிலோ நெடுங்காலம் பெண்ணை முன்பின் அறியாதவர்கள் நடுவே தனியே விட்டு, தாயையும் மாமியாரையும் வெளியே நிறுத்தினார்கள். தமிழ்நாடு சர்க்கார் 2004-ஆம் ஆண்டில் தன் ஆஸ்பத்திரிகளில் உறவினரான ஒரு பெண்ணைப் பிரசவத் துணையாக உடனிருக்க அனுமதித்தது. துணையோடு பிரசவித்தவர்களையும் துணையின்றிப் பிரசவித்தவர்களையும் ஒப்பிட்டுப் பல தேசங்களில் 15,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டில் ஒரு தொகுப்பு வெளியாயிற்று. துணை இருந்தவிடத்துப் பிரசவ நேரம் சுருங்கியதும், அறுவை குறைந்ததும், பிரசவத்தைக் கசப்புடன் நினைக்கிறவர்கள் குறைந்ததும் அதில் காணப்படுகின்றன. துணையாகச் செல்கிறவள் மூத்தவளாயிருப்பது மட்டும் போதாது. தானே அழுது புலம்புகிறவளை அனுப்புவதைவிட, மனத்திடமுள்ள அத்தையோ அக்காளோ செல்வது நலம்.

இவ்விடத்தில் தாய்வீட்டு வழக்கத்தால் நேரும் ஓர் இடையூற்றைக் கவனிக்கவேண்டும். பெண் கணவன் ஊரில் பதிவு செய்துகொண்டு, அவ்வூர்க் கிராம சுகாதார நர்ஸிடம் ஏழெட்டு மாதம் பரிசோதனை பெறுகிறாள். பிறகு தாய்வீடு சென்று, அவள் கண்டிராத ஆஸ்பத்திரியில், அவளைக் கண்டிராதவர்களிடம் பிரசவிக்கிறாள். பழக்கம் ஏற்பட்ட தருணத்தில் பழகிய முகம் மறைந்துவிடுகிறது. வழக்கத்தை விடவேண்டியதில்லை, தாய்வீட்டின் ஆறுதல் சாமானியமானதன்று. ஆனால் சென்ற வாரத்திலேயே அவ்வூர் நர்ஸுக்குத் தெரிவித்து, பரிசோதனைக் குறிப்பேட்டைக் காட்டி, பிரசவ அறையை ஒருமுறை நேரில் பார்த்துவரவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு வளைகாப்பு நடத்தி, உறவினருடன் வரவழைத்து இடத்தைப் பழக்கப்படுத்தும் முறை தமிழ்நாட்டில் கையாளப்பட்டது. பழைய சடங்கைப் புதிய பயனுக்குத் திருப்பிய இந்த யோசனை மெச்சத்தக்கது.

ஆபத்தின் அறிகுறிகளை மறைத்துவைத்துத் தைரியம் ஊட்டுவது தவறு. உதிரப்போக்கு, ஓயாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அந்நேரமே 108 என்னும் எண்ணுக்குச் சொல்லி வண்டியை வரவழைக்கவேண்டும். பயத்தால் உறக்கமும் உணவும் ஒழிந்த பெண்ணையும், முன்பு கரு கலைந்து துக்கமடைந்தவளையும் வெறும் வார்த்தையால் தேற்ற முயலாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

சங்க அங்கத்தினர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் ஆடவராயினும், இதில் பங்கு உண்டு. பெண்ணின் பயத்தில் ஒரு பகுதி பணத்தைப் பற்றியது; நகை அடகுக்குப் போகுமே என்ற கவலை அவள் வாயைவிட்டு வெளிவருவதில்லை. முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் 1987-ஆம் ஆண்டில் சர்க்கார் ஏற்படுத்திய மகப்பேறு உதவித்திட்டம், 2018-ஆம் ஆண்டு முதல் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. உரிய காலத்தில் பதிவு செய்யாததால் அதை இழப்பவர்கள் உண்டு. பதிவு நடந்ததா என்று விசாரிப்பது கணவனின் கடமை. சங்கத்தின் கட்டிடத்தை மாதத்தில் ஒருநாள் கர்ப்பிணிகளும் அவர்களுடைய தாய், மாமியாரும் கூடுவதற்கு விட்டுக்கொடுத்து, நர்ஸை வரவழைத்துப் பேசச் செய்யலாம். சுகமாகப் பிரசவித்த இளந்தாய் ஒருத்தியும் தன் அனுபவத்தைச் சொல்வாளாயின் கிணற்றடிக் கதைகளுக்கு அதுவே மாற்று. கணவர்மாருக்கென அரைமணி நேரம் தனியே ஒதுக்குவதும் நன்று. பனைப் பருவத்தில் இக்கூட்டத்தைப் பிற்பகலில் வைத்துக்கொள்ளவேண்டும். காலையில் வைத்தால், வரவேண்டிய பெண்ணும் வரமாட்டாள். அவளை அழைத்துவரவேண்டிய மாமியாரும் பதநீர் அடுப்பைவிட்டு அகலமாட்டாள்.