ஜீப்பின் பின்னால் 'ஊய்ங்'னு சத்தமா? பாட்டைக் கூட்டி வச்சு மறைக்காதீங்க... டிஃபரன்ஷியல் சொல்ற சேதி என்ன?

தேனி மாவட்டத்தில் இருக்கும் கொழுக்குமலைக்குப் போகணும்னா, கேரளாவின் சூரியநெல்லி போய் அங்கிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். போய் வந்தவர்களுக்குத் தெரியும், அதைப் பாதைன்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான். ஒரு சக்கரம் பாறை மேல், இன்னொன்று பள்ளத்தில். இப்படிப்பட்ட இடங்களில் அதிகம் அடி வாங்குவது எது தெரியுமா? பின் ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி தொங்குகிற அந்த இரும்புக் கூடு. அதற்குள்ளேதான் டிஃபரன்ஷியல் இருக்கிறது.

தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய பொலிரோ, ஜிப்ஸி என்று எதை வைத்திருந்தாலும், அந்தக் கூட்டிலிருந்து புதிதாக ஒரு சத்தம் வந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. பேரிங் மட்டும் தேய்ந்திருக்கும்போதே பிடித்துவிட்டால் பேரிங் செலவோடு போய்விடும். விட்டுவிட்டால் பல் சக்கரங்களும் சேர்ந்து போகும். எண்ணெய் வற்றி, மலை இறக்கத்தில் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டால் பின் சக்கரங்கள் ஓடும்போதே நின்றுவிடும். அப்புறம் பேச்சு செலவைப் பற்றியதாக இருக்காது.

உள்ளே என்ன நடக்குது?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓடினால் போதும். இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்ற வைத்தால் டயர் தேய்ந்து, ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். இதற்கு வழி கண்டுபிடித்து 1827-ல் காப்புரிமை வாங்கியவர் பிரான்ஸின் ஒனெசிஃபோர் பெக்கர். அப்போது அது நீராவி வண்டிக்கு.

எஞ்சினிலிருந்து நீண்டு வரும் ஷாஃப்ட்டின் நுனியில் சின்னப் பல் சக்கரம், அது பினியன். அது சுற்றுவது ஒரு பெரிய வட்டப் பல் சக்கரத்தை, அது கிரவுன் வீல். கிரவுன் வீலோடு சேர்ந்த பெட்டிக்குள் 'ஸ்பைடர் கியர்' எனப்படும் குட்டிப் பல் சக்கரங்கள். நேராகப் போகும்போது ஸ்பைடர் கியர் தன்னைத்தானே சுற்றுவதில்லை, திருப்பத்தில் மட்டும்தான் சுற்றும். இந்த ஒரு வரியை மனசுல வச்சுக்கோங்க, சத்தத்தைக் கண்டுபிடிக்க இதுதான் சாவி.

எப்ப சத்தம் வருதுன்னு பாருங்க

மெக்கானிக்கிடம் போய் "பின்னாடி சத்தம் வருதுண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? எப்போது வருகிறது என்று சொன்னால்தான் வேலை பாதி முடியும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் 'ஊய்ங்' என்று கூவினால், கிரவுனும் பினியனும் உரசும் இடத்தில் தேய்மானம் அல்லது அவை சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். காலை எடுத்ததும் கூவினால், பல்லின் மறுபக்கத்தில் சிக்கல். பினியன் பேரிங் தளர்ந்திருந்தாலும் இப்படிக் கேட்கும். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வேகத்தோடு சேர்ந்து ஏறும் 'கர்ர்ர்' என்ற உறுமல் பெரும்பாலும் பேரிங்தான். நேராகப் போகும்போது அமைதி, திருப்பத்தில் மட்டும் 'டக் டக்' என்றால்? ஸ்பைடர் கியர். மேலே சொன்ன சாவி இங்கேதான் வேலை செய்கிறது.

ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது 'டொக்' என்று ஒரு அடி விழுந்தால் உடனே டிஃபரன்ஷியலைக் கழற்றச் சொல்லிவிடாதீர்கள். ஷாஃப்ட்டில் இருக்கும் யு.ஜே. கிராஸ் தேய்ந்திருந்தாலும் அதே சத்தம் வரும். அதை மாற்றுவது ரொம்பச் சின்ன வேலை.

இன்னொரு ஏமாற்றுப் பேர்வழி டயர். பெரிய பட்டன் வைத்த மட் டயர் போட்ட வண்டி தார் ரோட்டில் ஓடும்போது தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் போடும். ரோடு மாறினால் சத்தமும் மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் டயர். ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் திருப்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். சமதளமான, ஆளில்லாத நேர் ரோட்டில் ஒரு தடவை நியூட்ரலில் உருளவிட்டுப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் எஞ்சின் மேல் பழி இல்லை. இறக்கத்தில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள், பிரேக்கை மட்டும் நம்பி மலையில் இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

எண்ணெய் பொய் சொல்லாது

டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்கிப் பார்ப்பதுதான் மலிவான, நம்பகமான பரிசோதனை. ஒரு விஷயம்: கீழே உள்ள டிரெய்ன் போல்ட்டைத் திறப்பதற்கு முன்னால், மேலே ஆயில் ஊற்றுகிற போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருந்தால், உள்ளே சொட்டு ஆயில் இல்லாமல் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

டிரெய்ன் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். ஊசி ஊசியாகவோ, செதிலாகவோ, பல் உடைந்த துண்டாகவோ வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

ஆற்றைக் கடக்கிற வண்டிகளுக்கு இது அடிக்கடி நடக்கும். ஓடி ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. இதைத் தடுக்கத்தான் பிரீதர் என்று ஒரு மூச்சுக்குழாய் இருக்கிறது. அது சேறு அடைத்துக் கிடந்தால் வேலை செய்யாது. அந்தக் குழாயை நீட்டி, தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டுவதுதான் ஆஃப்ரோடு வண்டிக்குச் செய்ய வேண்டிய முதல் 'அப்கிரேடு'. கொஞ்சம் டியூப், இரண்டு கிளாம்ப், அவ்வளவுதான் செலவு. ஆனா இதைச் செய்யாம லைட் பார் மாட்டுறவங்கதான் அதிகம்!

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். கெட்டியான ஆயிலையோ, மரத்தூளையோ உள்ளே போட்டு சத்தத்தை அமுக்கி விற்பது உலகம் முழுக்க இருக்கும் பழைய தந்திரம். சந்தேகம் இருந்தால் ஆயிலை இறக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். கிரவுனும் பினியனும் சுற்றும்போது பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசும். அந்த அழுத்தத்தைத் தாங்க ஜி.எல்.5 தரம் வேண்டும். பாகுத்தன்மை எவ்வளவு என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள், கடைக்காரர் கையில் கிடைத்ததை ஊற்ற விடாதீர்கள்.

தாரில் 'டமார்'... அது ரிப்பேரா?

மஹிந்திரா தார் சிலவற்றின் பின் ஆக்சிலில் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஒரு சக்கரம் சேற்றில் மாட்டிச் சும்மா சுழன்று, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும், உள்ளே இருக்கும் எடைக்கட்டைகள் விரிந்து இரண்டையும் பூட்டிவிடும். அப்போது 'டமார்' என்று ஒரு சத்தம், வண்டியில் ஒரு குலுக்கல். முதல் தடவை கேட்கிறவருக்கு ஆக்சில் உடைந்துவிட்டது போலத்தான் இருக்கும். உடையவில்லை, அது வேலை செய்கிற சத்தம். ஆனால் நல்ல தார் ரோட்டில், சக்கரம் எதுவும் வழுக்காதபோதும் அந்த அடி விழுந்தால் உடனே காட்ட வேண்டும். இரண்டு பின் டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம்தானா என்பதையும் பாருங்கள்.

ஃபோர் வீலைப் போட்டுவிட்டு எடுக்க மறந்து, காய்ந்த ரோட்டில் திரும்பினாலும் வண்டி இழுத்துப் பிடித்துச் சத்தம் போடும். அதுவும் ரிப்பேர் இல்லை, மறதி.

பிரிச்சாச்சு... அப்கிரேடு பண்ணலாமா?

கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியே அனுப்புகிறார்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் மறுபடியும் 'ஊய்ங்' நிச்சயம். பற்களுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி பல வண்டிகளில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதை டயல் கேஜ் வைத்து அளந்து, சிம் போட்டுச் சரிசெய்து, பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். "கைப்பழக்கத்துலயே போட்டுருவேன்" என்று சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். டயல் கேஜ் இருக்கா என்று கேட்பதில் தப்பில்லை.

எப்படியும் பிரித்தாயிற்று என்றால், லாக்கர் போடலாமா என்ற ஆசை வரும். கூர்க்காவில் முன்னும் பின்னும் லாக்கர் தொழிற்சாலையிலேயே வருகிறது. ஜிம்னியில் டிஃபரன்ஷியல் சாதாரணமானதுதான், சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து மற்றதுக்கு விசை அனுப்பும். வெளியில் வாங்கிப் போடுவதில் இரண்டு வகை. லிமிடெட் ஸ்லிப் தானாக வேலை செய்யும், ரோட்டுக்கும் ஒத்துவரும். காற்றிலோ மின்சாரத்திலோ இயங்கும் லாக்கரை நாம் சுவிட்ச் போட்டால்தான் பூட்டும், ரோட்டில் அது இருப்பதே தெரியாது. வார நாளில் ஆபீசுக்கும், எப்போதாவது காட்டுக்கும் போகிறவருக்கு இரண்டாவதுதான் சரி என்பது நம்ம கருத்து. பூட்டியபடியே ரோட்டில் வளைத்தால் ஆக்சில் தாங்காது, அதை மட்டும் மறக்கக் கூடாது.

பெரிய டயர் போட்டவர்களுக்குப் பல் விகிதமும் மாற வேண்டும். 30 இன்ச் டயருக்குப் பதில் 33 இன்ச் போட்டால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 110-ல் ஓடும், இழுவை குறையும். 4.10 விகிதம் இருந்த இடத்தில் 4.5-க்குப் பக்கத்தில் போனால்தான் பழைய இழுவை திரும்பும். பின் ஆக்சிலை மாற்றினால் முன் ஆக்சிலையும் அதே விகிதத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றை ஒன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும். சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. வாரண்டியும் இன்சூரன்ஸும் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

புதுசா கிரவுன் பினியன் போட்ட உடனே மலையேறக் கிளம்பிடாதீங்க. முதல் 25, 30 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, கூடு நன்றாக ஆறும் வரை விடுங்கள். அதன்பிறகு ஒரு 800 கிலோமீட்டருக்குப் பாரம் இழுக்க வேண்டாம். அது முடிந்ததும் ஆயிலை இறக்கிப் புதுசு ஊற்றுங்கள். அந்த முதல் ஆயிலில் கொஞ்சம் மினுமினுப்பு இருந்தால் பரவாயில்லை.