தத்துப் பிள்ளையும் வீடு பார்க்க வரும் அதிகாரியும்



பிள்ளையில்லாத அக்காளுக்குத் தங்கை தன் குழந்தையைக் கொடுப்பது நம் தோட்டங்களில் பழைய வழக்கம். பெரியவர்கள் நாலு பேர் முன்னிலையில் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுகிறோம். அன்புக்கு அது போதும், சட்டத்துக்குப் போதாது. முதலாம் வகுப்பில் பதியும் நாளில், "பிறப்புப் பத்திரம் எங்கேயம்மா?" என்று ஆசிரியர்களாகிய நாம் கேட்கும்போது, பதில் சொல்ல முடியாமல் நிற்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கும்போது இந்தச் சங்கடம் இன்னும் பெரிதாகிறது.

நம் நாட்டில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் 1952-ஆம் ஆண்டுச் சட்டங்கள். பிள்ளையை இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் வளர்த்து, அதற்குப் பதினெட்டு வயது ஆகுமுன் தேசியப் பதிவு இலாகாவில் பதிந்துகொள்வது ஒன்று. இதில் சொத்துரிமை தானாக வராது. முஸ்லிம் அல்லாதார் நீதிமன்றத்தில் மனுச் செய்து தத்து எடுப்பது மற்றொன்று. இதில் பிள்ளை எல்லா வகையிலும் பெற்ற பிள்ளைக்குச் சமம். பொதுவாக, தத்து எடுப்பவருக்கு இருபத்தைந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளையைவிட இருபத்தொரு வயதாவது மூத்திருக்க வேண்டும். உறவுப் பிள்ளையானால் இருபத்தொரு வயது போதும்.

நீதிமன்ற வழியில் போகிறவர்கள், உத்தரவு கிடைப்பதற்கு மூன்று மாதத்துக்கு முன்பாவது சமூக நல இலாகாவுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் பிள்ளை உங்களிடமே இருக்க வேண்டும். பிள்ளையின் நலனைக் கவனிக்க நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். பெரும்பாலும் அவர் சமூக நல இலாகா அதிகாரியாகவே இருப்பார். அவர்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறார். இதைத் தவிர, 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, பிள்ளையைப் பொறுப்பில் எடுத்த ஒரு வாரத்துக்குள் இலாகாவின் பாதுகாவல் அதிகாரிக்கு அறிவிப்பதும் கடமை. கொடுத்தவரும் அறிவிக்க வேண்டும்.

அதிகாரி வருகிறார் என்றதும் பலருக்குக் கைகால் ஓடுவதில்லை. கிராணி வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு! அது வேண்டாம். லயத்து வீடோ, தோட்டத்தை விட்டுக் கிள்ளானில் குடியேறிய அடுக்குமாடி வீடோ, அவர் பார்ப்பது நாற்காலியை அல்ல. பிள்ளை எங்கே படுக்கும்? விடியற்காலையில் தாய் பால்வெட்டுக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்? சம்பளத்தில் மளிகைக் கடனும் தவணையும் போக மிச்சம் என்ன? வீட்டில் குடிப்பவர் உண்டா? இவற்றுக்கு நேரான பதில் வேண்டும். "மாமியார் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னால், அந்த மாமியாரும் அதையே சொல்ல வேண்டும். ஆகவே, அதிகாரி வருமுன் வீட்டார் எல்லாரும் கூடி உட்கார்ந்து பேசிவிடுங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் மனத்திலுள்ள பயம் அதிகாரி முன்னிலையில்தான் முதன்முதலாக வெளிவரக் கூடாது.

கேட்குமுன்பே எடுத்து வைக்க வேண்டியவை: இருவருடைய அடையாளக் கார்டு, சம்பளச் சீட்டு, மருத்துவரிடம் பெற்ற உடல்நலச் சான்று, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், பெற்றவரின் சம்மதம், உங்கள் கல்யாணப் பத்திரம். இந்தக் கடைசிப் பத்திரத்தில்தான் நம்மவர் பலர் தடுக்கி விழுகிறார்கள். கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலிலோ பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலிலோ ஊரறியத் தாலி கட்டியிருக்கலாம். ஆனால் 1982 மார்ச் முதல் தேதிக்குப் பின் நடந்த கல்யாணம் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பதியாவிட்டால், கணவன் மனைவியாகச் சேர்ந்து மனுச் செய்ய முடியாது. முதலில் அந்த வேலையை முடியுங்கள்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். அலைச்சலுக்குப் பயந்து, பிள்ளையைத் தாங்களே பெற்றதாகப் பொய்யாகப் பதிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது குற்றம். பிற்காலத்தில் உண்மை வெளிப்பட்டால் அந்தப் பத்திரத்தை நம்பி வளர்ந்த பிள்ளைதான் தவிக்கும். பிள்ளைக்காகப் பணம் கொடுப்பதும் கூடாது. நீதிமன்றம் அனுமதித்தாலன்றி, தத்துக்கென்று பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் சட்டம் தடுக்கிறது. தரகர் எவரேனும் தொகை பேசினால் விலகிவிடுங்கள்.

"பிள்ளைக்கு உண்மையைச் சொல்வீர்களா?" என்றும் அதிகாரி கேட்கலாம். சொல்லவே மாட்டோம் என்பதுதான் நம் வீடுகளில் வழக்கமான பதில். லயத்தில் ரகசியம் ஏது, நேயர்களே! நாம் சொல்லாவிட்டால் குழாயடியில் யாராவது சண்டையில் சொல்லிவிடுவார்கள். சிறு வயதிலேயே கதைபோல நாமே சொல்லிவிடுவது நல்லது.

விசாரணை முடிந்ததும் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகும். உத்தரவு கிடைத்தபின் பதிவு இலாகாவில் தத்துப் பதிவாகும். ஆனால் அந்த உத்தரவு மட்டுமே பிள்ளைக்குக் குடியுரிமை தந்துவிடாது. பெற்ற தாய் யார், எந்த நாட்டவர் என்ற கேள்வி அப்போது எழும். ஆகையால் பிள்ளையை வாங்கும் நாளிலேயே அவருடைய அடையாளக் கார்டின் நகலையும் முகவரியையும் கேட்டு வாங்கி, பத்திரங்களோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். சில ஆண்டு கழித்துத் தேடினால் அவர் எந்த ஊரில் இருப்பாரோ!