வழிப்போக்கர் யார்? டொமினிக்கன் குடியரசின் இணையவழி நுழைவுப் படிவம் பற்றிய ஒரு நோக்கு

தன் எல்லையில் வந்து நிற்பவரை நோக்கி ஓர் அரசு வழக்கமாகக் கேட்கும் வினாக்கள் மூன்று: நீ யார்? எதைக் கொண்டு வருகிறாய்? எங்கே தங்கப் போகிறாய்? முன்னர் இவ்வினாக்கள் துறைமுகத்தில் நின்ற அதிகாரியின் வாயினின்றும் பிறந்தன. பின்னர் அவை அச்சிட்ட காகிதப் படிவங்களாயின. இன்று அவை, பயணி தன் வீட்டைவிட்டுப் புறப்படுமுன்னரே இணையத்தின் வழியாக அவரிடம் வந்து சேர்கின்றன. கரிபியன் தீவுகள் பலவற்றில் இம்முறை இப்பொழுது வழக்கிலுள்ளது. ஜமெய்க்கா, அரூபா, கியூபா ஆகியன தத்தமக்கெனப் படிவங்களை வகுத்துள்ளன. டொமினிக்கன் குடியரசில் 'ஈ-டிக்கட்' எனப் பெயர்பெறும் படிவமே இக்கட்டுரையின் பொருளாகும். அப்படிவம் இயங்கும் முறையை முதலில் விளக்கி, அது எத்தகைய ஆவணங்களை அடித்தளமாகக் கொண்டுள்ளது என்பதையும், அவ்வாவணங்கள் மறுக்கப்பட்டோரின் நிலை அதே மண்ணில் யாதென்பதையும் தொடர்ந்து நோக்குவோம்.

படிவத்தின் தோற்றம்

கொவிட் பெருந்தொற்றுக்கு முன்னர் அந்நாட்டுக்குச் செல்வோர் விமானத்திலேயே இருவகைக் காகிதங்களை நிரப்புவது வழக்கம். ஒன்று குடிவரவு அதிகாரிகளுக்குரியது. மற்றது சுங்கப் பகுதியினருக்குரியது. இவற்றுக்கு மேலாக, உல்லாசப் பயண அட்டை ஒன்றையும் பத்து அமெரிக்க டொலர் செலுத்தி விமான நிலையத்திலே வாங்கவேண்டியிருந்தது. 2018 முதல் அத்தொகை பயணச்சீட்டின் விலையோடு சேர்த்து அறவிடப்படலாயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் உடல்நிலை பற்றிய உறுதிமொழிப் பத்திரமும் சேர்ந்துகொள்ளவே, குடிவரவு, சுங்கம், பொதுச் சுகாதாரம் என்னும் மூன்று துறைகளின் வினாக்களும் ஒரே மின்னணுப் படிவமாக ஒன்றுசேர்க்கப்பட்டன. இப்படிவம் 2021 இல் கட்டாயமாக்கப்பட்டது. தொற்றுக்காலத்துக் கட்டுப்பாடுகள் பல பின்னர் நீக்கப்பட்டனவாயினும் படிவம் நிலைத்துவிட்டது. நெருக்கடியின்போது வகுக்கப்படும் நிர்வாக முறையொன்று நெருக்கடி நீங்கிய பின்னரும் நிலைபெறுவது அரசுகளின் வரலாற்றிலே பலமுறை கண்ட செய்தியாகும்.

நிரப்பும் முறை

படிவம் குடிவரவு அதிகாரசபையின் இணையத்தளத்தில் நிரப்பப்படுகிறது. இதற்குக் கட்டணம் எதுவுமில்லை. எனினும், அரசின் தளத்தைப் போன்ற தோற்றத்துடன் தனியார் தளங்கள் பல இயங்கி, இலவசமான இப்பணிக்குப் பணம் அறவிடுகின்றன. எனவே முகவரியை நன்கு உறுதிசெய்துகொள்ளல் பயணியின் முதற்கடமையாகும்.

ஒரு குடும்பமாகச் செல்வோர் ஒரே விண்ணப்பத்தில் அனைவரது விபரங்களையும் சேர்க்கலாம். கடவுச்சீட்டிலுள்ளவாறே பெயர், பிறந்த திகதி, நாட்டினம், கடவுச்சீட்டு இலக்கம், நிரந்தர முகவரி, தொழில் ஆகியவற்றை முதலில் பதியவேண்டும். அடுத்து விமான இலக்கம், பயணத்தின் நோக்கம், தங்கும் காலம், தங்குமிடத்தின் முகவரி ஆகியன கேட்கப்படும். சுங்கப் பகுதியின் வினாக்கள் இறுதியில் வரும். பத்தாயிரம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட பணமோ அதற்குச் சமமான பெறுமதியோ கையில் இருப்பின் அதனை வெளிப்படுத்தல் வேண்டும். உயிருள்ள விலங்குகள், தாவரங்கள், உணவுப்பொருட்கள், வரிக்குட்பட்ட பண்டங்கள் பற்றியும் விடையளித்தல் வேண்டும். யாவும் நிறைவுற்றதும் கியூ.ஆர். குறியீடு ஒன்று வழங்கப்படும். அதனைக் கைத்தொலைபேசியில் சேமித்து வைத்தலோடு காகிதத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்வதும் நன்று.

இங்குப் பலர் இழைக்கும் தவறுகள் இரண்டு. உள்ளே செல்வதற்கு மட்டுமே படிவம் வேண்டுமெனக் கருதுவது முதலாவது தவறு. வெளியேறும்போதும் அது வேண்டும். படிவத்தை விசாவென எண்ணிக்கொள்வது இரண்டாவது. ஈ-டிக்கட் ஓர் அறிவித்தல் மாத்திரமே. நுழைவதற்கான உரிமையை அது வழங்குவதில்லை. உல்லாசப் பயணியாக வருவோருக்கு வழக்கமாக முப்பது நாட்கள் தங்க இடமுண்டு. அக்காலத்தைக் கடந்து தங்கியவர் வெளியேறும்போது ஒரு தொகையைச் செலுத்திவிட்டுச் செல்கிறார். காலங்கடந்து தங்கிய அந்நியனுக்கு விதிக்கப்படுவது இவ்வளவே என்பதை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இன்னொரு கூறும் அவதானிக்கத்தக்கது. குறியீட்டை முதன்முதலிற் பரிசோதிப்பவர் டொமினிக்கன் அதிகாரியல்லர். புறப்படும் நகரிலுள்ள விமானக் கம்பனியின் ஊழியரே. உரிய ஆவணமின்றி ஒருவரை ஏற்றிச் செல்லும் கம்பனி, அவரைத் திருப்பிக் கொண்டுசெல்லும் பொறுப்பையும் செலவையும் ஏற்க நேரிடும். இவ்வச்சத்தினால் எல்லைக் காவல் என்னும் அரசுக்கடமை தனியார் கம்பனியின் கைக்கு மாறிவிடுகிறது. நாட்டின் எல்லை அதன் கடற்கரையினின்றும் நகர்ந்து, நியூயோர்க்கிலும் மட்றிட்டிலும் உள்ள விமான நிலைய மேசைகளுக்கு இடம்பெயர்ந்துள்ளது எனலாம்.

ஆவணம் என்னும் அடித்தளம்

படிவத்தை நிரப்பச் சில நிமிடங்களே போதும். ஆயின் அச்சில நிமிடங்களுக்குப் பின்னால் ஒரு வாழ்நாளின் ஆவணங்கள் நிற்கின்றன. கடவுச்சீட்டு இல்லாதவருக்கு முதல் வினாவுக்கே விடையில்லை. கடவுச்சீட்டுக்கு அடையாள அட்டையும், அடையாள அட்டைக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் வேண்டும். பிறப்பினைப் பதியவோ பெற்றோரின் ஆவணங்கள் வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஏனையவை பயனற்றுப் போகும்.

கடவுச்சீட்டு உடையோரிடையேயும் சமத்துவம் இல்லை. ஐக்கிய அமெரிக்கா, கனடா, மேற்கு ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றின் பிரசைகள் விசாவின்றியே நுழைகின்றனர். இலங்கை உள்ளிட்ட பல நாடுகளின் பிரசைகள் விசா பெறவேண்டும். அவர்கள் கையில் ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரித்தானியா போன்ற நாடொன்றின் செல்லுபடியாகும் விசா இருப்பின், அதனைக் காட்டி உல்லாசப் பயணியாக நுழைய இடமுண்டு. செல்வந்த நாடொன்று ஏற்கெனவே நம்பிய மனிதனையே ஏனைய நாடும் நம்புகிறது என்பது இதன் பொருள்.

2023 இல் டொமினிக்கன் குடியரசுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்து சென்றதாக அந்நாட்டரசு அறிவித்தது. அந்நாட்டின் சனத்தொகையோ ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம். வந்தோரிற் கப்பலில் வந்து ஒரு பகற்பொழுது மட்டும் கரையில் இறங்கியோரும் அடங்குவர். ஆக, நாட்டு மக்கள் தொகைக்கு அண்மித்த எண்ணிக்கையினரான வழிப்போக்கரை அந்நாடு ஓராண்டில் வரவேற்கிறது. இவ்விடத்திலேதான் நம் தலைப்பிலுள்ள வினா எழுகின்றது.

கரும்புத் தோட்டத்து 'வழிப்போக்கர்'

டொமினிக்கன் குடியரசு தனித்தீவன்று. ஹிஸ்பனியோலா என்னும் தீவின் கிழக்குப் பகுதியே அது. மேற்குப் பகுதி ஹெயிற்றி. ஸ்பானியரின் கையிலிருந்த இத்தீவின் மேற்குப்பாகம் 1697 இன் றைஸ்விக் உடன்படிக்கையுடன் பிரெஞ்சுக்காரருக்குரியதாயிற்று. அங்கு அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்து 1804 இல் ஹெயிற்றியைச் சுதந்திர நாடாக்கினர். 1822 முதல் 1844 வரை முழுத்தீவும் ஹெயிற்றியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. டொமினிக்கன் குடியரசு தன் சுதந்திரத்தை ஐரோப்பிய வல்லரசொன்றிடமிருந்தன்றி ஹெயிற்றியிடமிருந்து பெற்றதாகவே 1844 ஐக் கொண்டாடுகிறது. அந்நாட்டு ஆளும் வர்க்கத்தின் தேசியவாதம் எத்திசையை நோக்கி வளர்ந்தது என்பதை இது காட்டும்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க மூலதனத்தின் துணையுடன் கிழக்கிலே சீனித் தொழில் பெருகியபோது, கரும்பு வெட்ட மலிவான உழைப்புத் தேவைப்பட்டது. ஹெயிற்றியத் தொழிலாளர் அழைத்துவரப்பட்டு, 'பத்தேய்' எனப்படும் தோட்டக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டனர். உழைப்பு வேண்டும், உழைப்பாளி வேண்டா என்னும் முரண்பாடு அன்றே தோன்றிவிட்டது. 1937 இல் சர்வாதிகாரி த்ருகீயோவின் ஆணைப்படி எல்லைப்புறத்தில் ஆயிரக்கணக்கான ஹெயிற்றியர் கொல்லப்பட்டனர். ஒருவகைக் கீரையைக் குறிக்கும் 'பெரெஹீல்' என்னும் ஸ்பானியச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி, நா தடுமாறியோரை வெட்டினர் என்று கூறப்படுகிறது. 'நீ யார்?' என்னும் வினா அன்று அவ்வுருவில் கேட்கப்பட்டது. அதே த்ருகீயோவின் ஆட்சியிலேயே, 1952 இல், கரும்பு வெட்டுவோரைத் தருவிக்க இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன என்பது மனங்கொள்ளத்தக்கது. இத்தகைய ஏற்பாடுகள் ஹெயிற்றியில் டுவாலியர் ஆட்சி 1986 இல் வீழும்வரை நீடித்தன.

இத்தொழிலாளரின் பிள்ளைகள் டொமினிக்கன் மண்ணிலே பிறந்தனர். 2010 வரை அந்நாட்டு யாப்பின்படி மண்ணிற் பிறந்தோர் யாவரும் பிரசைகளாயிருந்தனர். இராசதந்திரிகளின் பிள்ளைகளும், 1929 இன் யாப்பு முதலாக 'வழிப்போக்கில்' இருந்த அந்நியரின் பிள்ளைகளும் மட்டுமே விலக்காயிருந்தனர். வழிப்போக்கர் எனப்படுவோர் வேறொரு நாட்டுக்குச் செல்லும் வழியில் பத்து நாட்களுக்கு மேற்படாது தங்குவோர் என்று 1939 ஆம் ஆண்டின் குடிவரவு ஒழுங்குவிதி கருதியது. ஆனால் 2004 இன் குடிவரவுச் சட்டம் வதிவுரிமை அற்றோர் அனைவரையும் வழிப்போக்கர் என்னும் வகைக்குள் அடக்கியது. 2005 இல் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம், பெற்றோரின் குடிவரவு நிலை பிள்ளையைச் சாராது என்று தீர்ப்பளித்தும் பயன் விளையவில்லை.

2013 செப்ரெம்பர் 23 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்கிய 168 ஆம் இலக்கத் தீர்ப்பு இப்போக்கின் உச்சமாகும். 1984 இல் டொமினிக்கன் மண்ணில் ஹெயிற்றியப் பெற்றோருக்குப் பிறந்து, பிறப்புப் பதிவும் பெற்றிருந்த ஒரு பெண் அடையாள அட்டை கோரினார்; அது மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடர்ந்தார். அவருடைய பெற்றோர் பிறப்பின்போது வழிப்போக்கராகவே இருந்தனர். ஆதலால் அவர் ஒருபோதும் பிரசையாக இருந்ததில்லை என்று நீதிமன்றம் கூறியது. அதனோடு நில்லாது, 1929 முதற் பிறந்த அத்தகையோர் அனைவரது பதிவுகளையும் ஆராயுமாறும் பணித்தது. பல தலைமுறைகளாக வாழ்ந்தோர் ஒரே நாளில் நாடற்றோராயினர்.

உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் விளைவாக 2014 இல் 169 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அது பாதிக்கப்பட்டோரை இரு பிரிவாக்கியது. பிறப்புப் பதிவு பெற்றிருந்தோருக்குப் பிரசாவுரிமை மீள அளிக்கப்படும் என்றது. பதிவே பெறாதோர், தாம் பிறந்த நாட்டிலே தம்மை அந்நியராகப் பதிந்துகொண்டு, இரண்டாண்டுகளின் பின் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்றது. குறுகிய கால எல்லைக்குள் இவ்வாறு பதியமுடிந்தோர் 8,755 பேர் மட்டுமே. எஞ்சியோருக்குக் கதவு மூடப்பட்டது.

மூன்று வினாக்களும் மருத்துவமனையும்

இது முடிந்துபோன வரலாறன்று. 2024 ஒக்ரோபரில் வாரத்துக்குப் பத்தாயிரம் பேர்வரை நாடுகடத்தும் திட்டத்தை அரசு அறிவித்தது. அவ்வாண்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஹெயிற்றிக்கு அனுப்பப்பட்டனர். 2025 ஏப்ரல் 21 முதல் 33 அரசாங்க மருத்துவமனைகளில் அடையாளச் சான்று, தொழில்பற்றிய கடிதம், வதிவிடச் சான்று ஆகிய மூன்றும் கேட்கப்படலாயின. இவை இல்லாதோருக்குச் சிகிச்சை அளிக்கப்படும். பின்னர் அவர்கள் நாடுகடத்தப்படுவர் என்பது விதி. பிள்ளைப்பேற்றுக்கு வந்த பெண்களும் இதற்கு விலக்கல்லர்.

ஈ-டிக்கட் கேட்பனவும் ஏறத்தாழ இவையே: நீ யார், உன் தொழில் யாது, எங்கே தங்குகிறாய். உல்லாசப் பயணிக்கு இவை சில நிமிட வேலை. கரும்புத் தோட்டத்திலோ, அப்பயணி தங்கும் விடுதியைக் கட்டியெழுப்பும் இடத்திலோ உழைப்பவருக்கு அவை அச்சத்துக்குரிய விசாரணை. முப்பது நாள் கடந்து தங்கிய பயணி ஒரு தொகையைச் செலுத்தி விடைபெறுகிறார். அந்நாட்டிலேயே பிறந்து முப்பதாண்டு வாழ்ந்தவரோ வழிப்போக்கர் எனப் பெயர்பெறுகிறார்.

தந்தையின் பிறப்பை ஆவணத்தால் நிறுவ முடியாமையால், 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் நாடற்றோராகிய மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை அறிந்த நமக்கு இச்செய்தி புதியதன்று. சீனியாயினும் தேயிலையாயினும், பெருந்தோட்டம் உழைப்பாளரைக் கொணரும்போது அவருடைய தாள்களைத் தேடுவதில்லை. அவர் உரிமை கேட்கும்போதுதான் தேடுகிறது.

முடிவுரை

இணையவழிப் படிவங்கள் தம்மளவில் தீயன அல்ல. நீண்ட வரிசைகளை அவை குறைத்துள்ளன; கைலஞ்சத்துக்கான வாய்ப்பையும் ஓரளவு சுருக்கியிருக்கக்கூடும். டொமினிக்கன் குடியரசுக்குச் செல்வோர் படிவத்தைப் பிழையின்றி நிரப்புக. கட்டணம் கேட்கும் தளங்களைத் தவிர்க்குக. திரும்புவதற்குரிய படிவத்தை மறவாதிருக்குக. ஆயின் கியூ.ஆர். குறியீடு ஒரு மனிதனின் பயணத்தை மட்டுமே சான்றுபடுத்தவல்லது; ஒரு மண்ணோடு அவன் கொண்ட உறவை அளவிட அதனால் இயலாது. பெற்றோரின் நிலை யாதாயினும் பிறந்த குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறவேண்டும் என்பதே அத்தீவில் இன்றும் நிறைவேறாதிருக்கும் முதற்கோரிக்கையாகும். ஓராண்டில் ஒரு கோடிப் பயணியரின் விபரங்களைப் பதிந்துகொள்ளும் வல்லமை வாய்ந்த அரசொன்று, தன் கரும்புத் தோட்டங்களிற் பிறந்த குழந்தைகளைப் பதிய இயலாது என்று கூறுமாயின், அதனை இயலாமை என்று எவ்வாறு கொள்வது?