சின்னப் பெட்டி – 9: நீளம் பொருந்தும், கேபிள் பொருந்தாது

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் கேஸின் விவரத்தாளில் முதலில் தேடுவது நீளத்தை. 'கார்டு 330 மி.மீ. வரை' என்று போட்டிருந்து, ஆசைப்பட்ட கார்டு 304 மி.மீ. என்றால் மனம் அடங்கிவிடுகிறது. சென்ற வாரம் மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டையும் எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையையும் சின்னப் பெட்டிக்குள் உட்கார வைத்தோம். மிச்சமிருக்கும் இடத்தில்தான் பெரிய கார்டு போயாக வேண்டும். அந்த இடத்தை அளக்கும்போது நீளத்தைக் கடைசியில் பாருங்கள். கேபிள் எங்கே வளையும், காற்று எங்கே போகும், இந்த இரண்டும்தான் முதலில்.

கார்டுகளுக்கென்று விதித்த அளவு ஒன்று உண்டு. பிசிஐ விதிப்படி முழுநீளக் கார்டு 312 மி.மீ. நீளம், ஏறத்தாழ 111 மி.மீ. உயரம், ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 20.32 மி.மீ. கேஸ் வடிவமைப்பவர்கள் இதை நம்பித்தான் பெட்டி செய்தார்கள். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080, என்விடியாவே விற்ற வடிவத்தில், 267 மி.மீ. நீளம், இரண்டு ஸ்லாட் தடிமன், 180 வாட். அதே காலத்தில் ஜெர்மனியில் உருவான டான் ஏ4 என்ற கேஸின் கொள்ளளவு சுமார் 7.2 லிட்டர்தான். ஆனாலும் 295 மி.மீ. வரை நீளமுள்ள இரண்டு ஸ்லாட் கார்டு அதற்குள் போகும். மதர்போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம், நடுவில் ஒரு தகடு. இரண்டையும் ரைசர் கேபிள் இணைக்கும். அன்றைக்கு மிக வேகமான கார்டுகளில் ஒன்றான 1080 அதில் தாராளமாக உட்கார்ந்தது. சின்னப் பெட்டி என்றால் சின்ன சக்திதான் என்ற எண்ணத்தை அந்தக் கேஸ் உடைத்தது. இந்தத் தொடரை எழுத எனக்கிருக்கும் உற்சாகத்தில் பாதி அதனால் வந்தது.

2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது கணக்கு மாறியது. என்விடியாவே விற்ற வடிவத்தில் 304 மி.மீ. நீளம், 137 மி.மீ. உயரம், 61 மி.மீ. தடிமன், 450 வாட். 1080-ஐவிட நீளம் 37 மி.மீ.தான் கூடுதல். மின்சாரமோ இரண்டரை மடங்கு. அத்தனை சூட்டையும் வெளியேற்ற ஹீட்சிங்க் எந்தப் பக்கமாவது வளர்ந்தாக வேண்டும். நீளத்தில் வளர்ந்தால் வாங்குபவர் கவனிப்பார். வளர்ச்சி பெரும்பாலும் தடிமனிலும் உயரத்திலும் போனதால் பலரும் கவனிக்கவில்லை.

இனி கேபிளுக்கு வருவோம். 4090-உடன் 12விஹெச்பிடபிள்யூஆர் என்ற கனெக்டர் பரவலானது. விரல் அகலமே உள்ள அந்தச் சிறு கனெக்டர் 600 வாட் வரை கொண்டுபோகும். கனெக்டரிலிருந்து குறைந்தது 35 மி.மீ. தூரம் கேபிள் நேராக வந்த பிறகே வளைய வேண்டும் என்று கேபிள் தயாரிப்பவர்கள் எச்சரித்தார்கள். 137-உடன் 35-ஐக் கூட்டுங்கள்: 172. கூலர் மாஸ்டர் என்ஆர்200, நம் ஊரிலும் பலர் வாங்கிய 18 லிட்டர் கேஸ். நீளத்துக்கு 330 மி.மீ. தருகிறது; கனெக்டரையும் சேர்த்து உயரத்துக்கு 156 மி.மீ. நீளத்தில் 26 மி.மீ. மிச்சம், உயரத்தில் 16 மி.மீ. பற்றாக்குறை. கார்டு உள்ளே போய்விடும். பக்கவாட்டு மூடியை மாட்டும்போது அது கேபிளை அழுத்தும். கேபிள் கனெக்டரைச் சாய்க்கும்.

இந்த அழுத்தத்தை அலட்சியம் செய்யக் கூடாது. 2022 அக்டோபரில் இந்தக் கனெக்டர்கள் உருகிய படங்கள் உலகெங்கும் பரவின. தங்களுக்கு வந்த புகார்கள் ஏறத்தாழ ஐம்பது என்றும், கனெக்டர் முழுதாக உள்ளே செருகப்படாததே பொதுவாகத் தெரியும் காரணம் என்றும் என்விடியா அடுத்த மாதம் சொன்னது. பாதி செருகிய கனெக்டரில் பின்கள் தொடும் பரப்பு குறையும். குறைந்த பரப்பில் அதே மின்னோட்டம் பாய்ந்தால் சூடேறும். இடம் தாராளமாக உள்ள டவர் கேஸில் கனெக்டரைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யலாம். சின்னப் பெட்டியில் மூடியை மாட்டிய பிறகு அது நகர்ந்ததா என்று பார்க்க வழியே இல்லை. வளைவைத் தவிர்க்க 90 டிகிரி அடாப்டர்கள் வந்தன. அவற்றில் கேபிள்மாட் நிறுவனத்தின் 25,300 அடாப்டர்களைச் சூடேறும் அபாயம் காரணமாகத் திரும்பப் பெறும் அறிவிப்பு 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியானது. ஆகவே வளைவுப் பிரச்சினைக்கு அடாப்டரைத் தீர்வாக நான் யாருக்கும் சொல்வதில்லை. 2023-இல் திருத்தி வந்த 12வி-2×6 கனெக்டர் நல்ல மாற்றம். அதில் உணர்வுப் பின்களின் நீளத்தைக் குறைத்திருக்கிறார்கள். முழுதாகச் செருகாவிட்டால் கார்டு மின்சாரத்தை இழுக்காது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு, 2024 ஜூனில், என்விடியா சின்னப் பெட்டிகளுக்கென ஒரு அளவுகோலை வெளியிட்டது. கார்டு 304 மி.மீ. நீளத்துக்கும் 151 மி.மீ. உயரத்துக்கும் 50 மி.மீ. தடிமனுக்கும் மிகக் கூடாது. இதில் நான் மதிப்பது அந்த 151-ஐ. கேபிள் வளைவையும் சேர்த்து அளந்த எண் அது. அந்த அளவுகோலுக்குரிய 'எஸ்எஃப்எஃப் ரெடி' என்ற குறிப்பு உள்ள கார்டையும் கேஸையும் வாங்கினால் பாதித் தலைவலி போய்விடும்.

பாதிதான். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-இன் என்விடியா வடிவம் இரண்டே ஸ்லாட். பார்க்க அழகு. ஆனால் 575 வாட். அதன் இரண்டு ஃபேன்களும் காற்றைக் கார்டுக்குள் நுழைத்து மறுபக்கமாக வெளியே தள்ளும். திறந்த இடத்தில் அது அற்புதமான ஏற்பாடு. டான் ஏ4 போன்ற பெட்டியிலோ அந்த மறுபக்கத்தில் நடுத்தகடு நிற்கிறது. சூடான காற்று அதில் மோதித் திரும்பி, அதே ஃபேன்களிடம் வந்து சேரும். இந்த வகைக் கேஸில் ஃபேன் உள்ள பக்கம் ஓட்டையிட்ட மூடிக்கு ஒட்டினாற்போல் இருக்கட்டும். வெளிக்காற்று நேராகக் கிடைக்கும். மூடி கண்ணாடி என்றால் ஒரு ஸ்லாட் இடைவெளியாவது விடுங்கள். ஃப்ராக்டல் டெரா என்ற கேஸில் நடுத்தகட்டையே நகர்த்தலாம். பிராசசர் கூலருக்கான இடத்தைக் குறைத்துக் கார்டுக்குக் கூட்டிக்கொள்ளும் வசதி அது. எல்லாக் கேஸிலும் இது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ரைசர் கேபிள் பற்றி இரண்டு சொல். பழைய கேஸோடு வந்த ரைசர் பிசிஐஇ மூன்றாம் தலைமுறைக்கானது என்றால், நான்காம் தலைமுறைக் கார்டை மாட்டியதும் திரை கறுப்பாகவே நிற்கக்கூடும். கார்டு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் அதில் திரையை மாட்டி, பயாஸில் அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினால் படம் வந்துவிடும். பெரும்பாலான கேம்களில் வேகக் குறைவு தெரியாது. இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். என்இசட்எக்ஸ்டி ஹெச்1 கேஸில் ரைசர் பலகையைப் பிடிக்கும் ஸ்க்ரூ 12 வோல்ட் பாதையில் உரசித் தீப்பிடிக்க வாய்ப்பிருந்தது. முதலில் நைலான் ஸ்க்ரூ அனுப்பினார்கள். 2021 பிப்ரவரியில் திரும்பப் பெறும் அறிவிப்பே வந்தது. பழைய ஹெச்1 மலிவாகக் கிடைத்தால், ரைசர் மாற்றப்பட்டதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய அலுவலக டெல், ஹெச்பி சிறு பெட்டிகள் பற்றி வாசகர்கள் கேட்கிறார்கள். அவற்றில் அரை உயரக் கார்டுதான் போகும், ஏறத்தாழ 69 மி.மீ. பவர் சப்ளை அந்தந்த நிறுவனத்தின் சொந்த வடிவம். பெரும்பாலும் கார்டுக்கென்று தனிக் கேபிளே இருக்காது. ஸ்லாட் வழியே கிடைக்கும் 75 வாட்தான் எல்லை. 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி அரை உயர வடிவில் வருகிறது, அதை வாங்கலாம். அதே உயரத்தில் ஆர்டிஎக்ஸ் 4060-உம் உண்டு, ஆனால் அது 115 வாட், தனிக் கேபிள் கேட்கும். சில மாடல்களில் பெரிய ஸ்லாட்டை ஒட்டியே பவர் சப்ளை இருக்கும்; அங்கே இரண்டு ஸ்லாட் கார்டும் போகாது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பவர் சப்ளையின் வாட்டை அளவாக வாங்கும் பழக்கத்தையும் விட வேண்டும். 320 வாட் ஆர்டிஎக்ஸ் 3080 கண நேரத்துக்கு அதைவிட மிக அதிகமாக இழுக்கும்; பல நல்ல பவர் சப்ளைகளே அந்தத் துள்ளலைக் கோளாறு என்று நினைத்து அணைந்தன. 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி 100 மைக்ரோ நொடிக்கு இரு மடங்கு சுமையைத் தாங்கச் சொல்கிறது. எஸ்எஃப்எக்ஸ் அளவிலேயே 1000 வாட் இப்போது கிடைக்கிறது. பெட்டி சின்னது என்பதற்காக இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

விமர்சகர்கள் கார்டைச் சோதிப்பது பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில். சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறை 36-ஐத் தாண்டும். அறைச் சூடு எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஏறத்தாழ அத்தனையும் கார்டிலும் கூடும். எனவே இங்கே சின்னப் பெட்டி கட்டுகிற ஒவ்வொருவரும் பவர் லிமிட்டைக் குறைக்கப் பழக வேண்டும். ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் ஒரே ஒரு பட்டையை நகர்த்தினால் போதும். 450 வாட் 4090-ஐ 350-க்கு இறக்கினால் வேகம் சில சதவீதம்தான் குறையும். 100 வாட் சூடு பெட்டிக்குள் நுழையவே நுழையாது. இறக்கிய பிறகு பக்க மூடியை மாட்டி, நீங்கள் ஆடும் கேமிலேயே கனமானதை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். மூடியைத் திறந்து வைத்துப் பார்த்த வெப்பநிலை கணக்கில் சேராது. முடிந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, மூடியைக் கழற்றி, கனெக்டர் செருகிய இடத்திலேயே நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்த வாரம்: ஃபேன் சத்தமும் அதன் வேக வரைகோடும்.