குறுந்தொகை 3-ஆம் பாடலும் சேர்வராயன் மலைக் குறிஞ்சியும்: மாணவர் திறனாய்வுக் கட்டுரையில் சான்றின் எல்லை

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி வகுப்புகளில் எழுதப்பெறும் இலக்கியத் திறனாய்வுக் கட்டுரை பல நேரங்களில் பாடற்பொருளை உரைநடையில் திருப்பிக் கூறுவதாகவோ திணைக்கூறுகளின் பட்டியலாகவோ நின்றுவிடுகிறது. தேவகுலத்தார் இயற்றிய குறுந்தொகை 3-ஆம் பாடலை எடுத்துக்கொண்டு, கருதுகோள் அமைத்தல், சான்று தேர்தல், தடைக்கு விடை கூறல் ஆகியவை இயங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. குறிஞ்சி வளரும் சேர்வராயன் மலையைச் சார்ந்த மாணவர், தம் நிலத்தறிவை எந்த அளவிற்குச் சான்றாகக் கொள்ளலாம் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குறுந்தொகை, குறிஞ்சி, திறனாய்வுக் கட்டுரை, பாடச்சான்று, களச்சான்று, கூற்று, தடைவிடை

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. அதன் சிற்றூர்களிலிருந்து சேலத்துக் கல்லூரிகளுக்கு வந்து தமிழ் பயிலும் மாணவர் ஒருவர்க்கு, சங்கப் பாடல் குறித்த கட்டுரைப் பணி தரப்பெறுகிறது எனக் கொள்வோம். குறிஞ்சித்திணையை அவர் தேர்வது இயல்பே. மலையும் சாரலும் சுனையும் அவர்க்கு நூல்வழி அறிந்தவை அல்ல. வகுப்பில் உடன் பயிலும் சமவெளி மாணவர்க்கு வாய்க்காத பேறு இது. இடர்ப்பாடும் இங்கேயே தொடங்குகிறது. தாம் நன்கறிந்த மலையைப் பாடலின் மலையாகக் கொண்டு, பாடல் சொல்லாதவற்றையும் அதன்மேல் ஏற்றிவிட அவர்க்கு வாய்ப்பு மிகுதி.

இன்றைய ஏற்காட்டுச் சரிவுகளில் காப்பிச் செடியும் அதற்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரமும் நிறைந்துள்ளன. காப்பி இம்மலைக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. தினைப்புனமும் கிளிகடி காவலும் இந்நிலக் காட்சியில் இல்லை. எனினும், மலையாளி என்னும் பெயருடைய தமிழ்பேசும் பழங்குடியினர் சிறுதானியம் விளைத்து வாழ்ந்த மரபு இம்மலையில் உண்டு. குறிஞ்சிச் செடியும் உண்டு. ஆதலின் மாணவர்தம் நிலத்தறிவை முற்றிலும் ஒதுக்குவதும் முறையன்று. எது எதற்குச் சான்றாகும் என்று பிரித்தறிவதே அவர் செய்யவேண்டுவது.

நான்கே அடிகளாலான 3-ஆம் பாடல் தமிழ் வகுப்புகளில் பரவலாகப் பயிலப்படுவது. தலைவனோடு தான் கொண்ட நட்பு நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, நீரைவிட ஆழம் அளத்தற்கு அரியது என்கிறாள் தலைவி. அத்தலைவன் சாரலிலுள்ள கரிய கொம்புடைய குறிஞ்சியின் பூக்களைக் கொண்டு பெருந்தேன் இழைக்கப்படும் நாட்டை உடையவன். முதலில் எழுதப்பெறும் கட்டுரை பெரும்பாலும் இப்பொருளையே விரித்துரைக்கும். அதனை அடுத்து முதற்பொருள் மலை, கருப்பொருள் குறிஞ்சிப்பூவும் தேனும், உரிப்பொருள் புணர்தல் என்னும் பகுப்பு வரும். தொல்காப்பியப் பொருளதிகாரம் வகுத்த இப்பகுப்பில் பிழை ஏதும் இல்லை. ஆனால் குறிஞ்சித்திணைப் பாடல் எதற்கும் இதே பட்டியல் பொருந்தும்; இந்தப் பாடலைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. நட்பின் பெருமையைப் பாடல் உணர்த்துகிறது என்னும் முடிவுரையும் அத்தகையதே. அதனை மறுப்பார் ஒருவரும் இரார். மறுக்க இயலாத கூற்று கருதுகோள் ஆகாது.

கருதுகோள் பாடலின் சொல்லிலிருந்து பிறக்கவேண்டும். இப்பாடலில் முதற்கண் நோக்கத்தக்கது தொடரமைப்பு. பயனிலைகள் மூன்றும் முன்னே வந்துவிடுகின்றன. எவற்றுக்கும் எழுவாயான நட்பு என்னும் சொல் பாடலின் இறுதிச் சொல்லாக நிற்கிறது. பெரியது, உயர்ந்தது, ஆழமானது எது என்று அறியாமலே கேட்போர் நான்கடியும் கடக்கவேண்டியுள்ளது. அடுத்து அளவை. நிலத்திற்குப் பரப்பும் வானுக்கு உயரமும் நீருக்கு ஆழமும் என மூன்று திசைகளிலும் விரிந்த பாடல், பின்பாதியில் ஒரு பூவின் அளவிற்குச் சுருங்குகிறது. அங்கே மீண்டும் பெருமை பேசப்படுகிறது: முதலடியில் நட்பிற்கு உரித்தான ‘பெரிது’ என்னும் சொல்லின் அடி, நான்காம் அடியில் ‘பெருந்தேன்’ என்பதில் தேனுக்கு ஆகிறது. சிறு பூக்களிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்ந்தது அப்பெருமை. தேனை இழைக்கும் வண்டும் பாடலில் இல்லை; பொருள் கொள்வோர்தாம் அதனை வருவித்துக்கொள்கின்றனர்.

இவை யாவும் கவனிப்புகளே. கவனிப்பு எத்துணை நுண்ணியதாயினும் வாதமாக மாறும்வரை கட்டுரை தொடங்கவில்லை. வாதத்திற்கு இடந்தரும் இடம் ஒன்று இப்பாடலில் தெளிவாகவே உள்ளது. தலைவன் சிறைப்புறத்தானாக, அவன் மணந்துகொள்ளுதலை வேண்டித் தோழி அவனது இயல்பைப் பழித்தபோது, தலைவி அவன் இயல்பைப் புகழ்ந்து கூறியது எனப் பாடலின் கூற்றுக்குறிப்பு சூழலைத் தருகிறது. பாடலுக்குள்ளோ தலைவனின் பண்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவன் வாய்மையன், அருளுடையன் என அவள் கூறவில்லை. நட்பின் அளவைக் கூறுகிறாள், நாட்டைக் கூறுகிறாள். தோழியின் பழிப்பிற்கு இது நேர்விடை ஆகுமா? குறிப்பு புகழ்ச்சி என்பதைப் பாடலில் எங்கே காண்பது? இவ்வினா எழுந்தவுடன் மாணவர்க்கு எழுதுவதற்கு ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது.

கூற்றுக்குறிப்புகள் பாடலாசிரியர் எழுதியவை அல்ல, தொகுத்தோரோ பின்வந்தோரோ சேர்த்தவை என்று கருதப்படுவதை அவர் இவ்விடத்தில் நினைவிற் கொள்ளவேண்டும். சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-இலும் உ.வே. சாமிநாதையர் 1937-இலும் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்புகளில் பாடலையும் குறிப்பையும் உரையையும் வேறுவேறாகக் காணும் பழக்கம் மாணவர்க்கு வேண்டும். தேர்வுக் கையேடுகளில் இவை மூன்றும் ஒரே பத்தியில் கலந்துவிடுவதால், உரையாசிரியர் சொன்னதைப் புலவர் சொன்னதாக எழுதும் பிழை நேர்கிறது. பிற பிழைகளைப் பொறுத்தாலும் இதனைப் பொறுத்தல் அரிது.

மேற்கண்ட முரணிலிருந்து கருதுகோள் ஒன்றைப் பின்வருமாறு அமைக்கலாம்: தலைவி தோழியின் பழிப்பை மறுக்கவில்லை, பேச்சின் பொருளைத் தலைவனின் இயல்பிலிருந்து நட்பிற்கு மாற்றிவிடுகிறாள். இதனை எதிர்ப்போர் உடனே ஒன்று கூறுவர். அகப்பாடலில் நாட்டை வருணிப்பது நாடனை வருணிப்பதே. உள்ளுறை, இறைச்சி ஆகிய கோட்பாடுகள் அதன்பொருட்டே அமைந்தவை. தடையை எழுப்பி விடை கூறுவது தமிழ் உரைமரபிற்குப் புதிதன்று. இறையனார் களவியலுரை அம்முறையிலேயே நடக்கிறது. இன்றைய கட்டுரையாளர் இதனை மேலைத் திறனாய்விலிருந்து கடன்பெறத் தேவையில்லை. தடை வலுவுடையதாதலின் கருதுகோள் திருத்தம் பெறவேண்டும்: தலைவி புகழ்கிறாள், ஆனால் தலைவனின் பண்பை அன்று, அவன் நாட்டில் நிகழும் ஒரு செயலைப் புகழ்கிறாள். ‘இழைக்கும்’ என்னும் பெயரெச்சம் முடிந்த செயலைக் குறிக்கவில்லை. தேன் இன்னும் சேர்ந்துகொண்டிருக்கிறது. சிறைப்புறத்தே நிற்பவன் கேட்குமாறு சொல்லப்படும் இச்சொல், நட்பு அளவிறந்ததாயினும் நிறைவுறவில்லை என்பதையும் உடன் சொல்கிறது. தோழி விரும்பிய வரைவு அந்த நிறைவின்மைக்குள் இருக்கிறது. திருந்திய இக்கருதுகோள் முதலாவதினும் குறுகியது. ஆயினும் பாடலின் ஒவ்வோர் அடியையும் அது பயன்கொள்கிறது.

இனி, மலை மாணவரின் களச்சான்று. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது, ஆகவே அத்தேனைப் போல அரியது இந்நட்பு என்னும் விளக்கம் மேடைகளிலும் கட்டுரைகளிலும் பெருவழக்காயிற்று. நீலக்குறிஞ்சி மூணாற்றுப் பகுதியில் 2006-இலும் 2018-இலும் பெருவாரியாகப் பூத்தபோது இவ்விளக்கம் மேலும் பரவியது. பாடலிலோ ஆண்டுக்கணக்கு இல்லை. குறிஞ்சி இனத்தில் பல வகைகள் உண்டு. அவை பூக்கும் இடைவெளியும் ஒன்றுபோல் இல்லை. கரிய கொம்பு என்னும் அடை ஒன்றைக் கொண்டு புலவர் குறித்த வகை இன்னதெனத் துணிதல் இயலாது. இதனினும் முதன்மையான தடை ஒன்று இருக்கிறது. ‘இழைக்கும்’ என்பது அந்நாட்டின் வழக்கமான செயலாகத் தோன்ற, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது அவ்வழக்கத்தோடு பொருந்த மறுக்கிறது. அருமை என்னும் கருத்தை வலியுறுத்த விழையும் மாணவர் இப்பொருத்தமின்மையை மறைக்காமல் எடுத்துரைத்து விடை காணவேண்டும். விடை கிடைக்காவிடில் அக்கருத்தைக் கைவிடுதலே நேர்மை.

ஆனால் அவர் கண்ணால் கண்டவை வேறு சில உள்ளன. குறிஞ்சி தனிமரமாக நில்லாது சரிவு முழுதும் புதர்களாகச் செறிந்து வளர்வதையும், பூ ஒவ்வொன்றும் சிறிதாயினும் திரண்டு பூக்கையில் சாரலே நிறம் மாறுவதையும் கண்டவர், சிறிய பூவும் பெரிய தேனும் ஒரே தொடரில் அமைந்ததன் பொருத்தத்தை விரைந்து உணர்வார். இவ்வறிவு பாடலிலுள்ள சொல்லை விளக்குகிறது. பாடலில் இல்லாததைச் சேர்க்கவில்லை. கபிலர் 99 பூக்களை அடுக்கிய குறிஞ்சிப்பாட்டைப் பயில்வோர்க்கும் இத்தகைய நிலத்தறிவு பெரிதும் உதவும். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடப்பெற்றதாக மரபு கூறும் அப்பாட்டின் பூப்பட்டியல், மலையறியா மாணவர்க்கு வெறும் பெயர் வரிசையாகவே நின்றுவிடுகிறது.

கட்டுரையில் இவற்றை வைக்கும் இடமும் கருதத்தக்கது. சேர்வராயன் மலை வருணனையுடன் தொடங்கும் கட்டுரை, பாடலை அடைவதற்குள் இரண்டு பக்கங்களைக் கடந்துவிடும். மதிப்பிடும் ஆசிரியர் அவற்றை விரைந்து புரட்டிவிடுவார். தலைவியின் விடையிலுள்ள முரணை முதற்பத்தியிலேயே வைத்து, தொடரமைப்பையும் அளவைகளையும் அதற்குச் சான்றாக்கி, தேனைப் பற்றிய பகுதியில் மட்டும் மலைக்காட்சியை இரண்டு மூன்று தொடர்களில் தருவது போதும். 12 ஆண்டுக் கணக்கைக் குறிப்பிட்டே ஆகவேண்டுமெனில், அது பிற்கால வாசிப்பு என்னும் தெளிவோடு அடிக்குறிப்பில் இடம்பெறலாம்.