கொங்கு வட்டாரத்தில் கலைவழி நலவாழ்வுப் பரப்புரை: பழியும் பங்கேற்பும்

முன்னுரை

மக்களை மகிழ்விக்கும் கலைகளின் வழியாக நலவாழ்வுச் செய்திகளைக் கொண்டுசெல்வது தமிழகத்திற்குப் புதியதன்று. தெருக்கூத்து, வில்லுப்பாட்டு, வானொலி நாடகம், திரைப்படம் ஆகியன இப்பணிக்குப் பலகாலமாகப் பயன்பட்டு வருகின்றன. இவற்றின் வெற்றி பெரும்பாலும் பார்வையாளர் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. கதையின் நடுவே யார் நிறுத்தப்படுகிறார், பழி யார்மேல் விழுகிறது, நிகழ்ச்சி முடிந்தபின் பார்வையாளர் யாரை அணுக முடிகிறது என்னும் மூன்று வினாக்கள் எண்ணிக்கையினும் முதன்மையானவை. தருமபுரியில் பெண்சிசுக் கொலைக்கு எதிராக நடந்த கலைப்பயணத்தையும், நாமக்கல் பகுதியை ஆழமாகத் தொட்ட எச்.ஐ.வி. தடுப்புப் பரப்புரையையும் இவ்வினாக்களின் வழி இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

கோட்பாட்டுப் பின்னணி

பொழுதுபோக்குவழிக் கல்வி என்னும் அணுகுமுறைக்கு 1970-களில் தொடர்நாடகங்கள் வாயிலாக வடிவம் கொடுத்தவர் மெக்சிகோவின் மிகேல் சபிதோ. பிறர் நடத்தையைக் கண்டு மனிதர் கற்றுக்கொள்கின்றனர் என்ற ஆல்பர்ட் பாண்டுராவின் சமூகக் கற்றல் கோட்பாடு அவருக்கு அடிப்படையாயிற்று. இம்முறையைப் பின்பற்றி 1984-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’ ஓர் எச்சரிக்கையையும் விட்டுச்சென்றது. எதையும் பொறுத்துப் போகும் தாயாகப் படைக்கப்பட்ட பாகவந்தியை, பின்பற்றத்தகாதவராகக் காட்டுவதே படைத்தோர் கருத்து. பார்வையாளர் பலரோ அவரையே முன்மாதிரியாகக் கொண்டனர். கதைமாந்தரைப் படைப்பவர் ஒருவர். அவருக்குப் பொருள் தருபவர் மற்றொருவர்.

தென்னாப்பிரிக்காவில் 1994-இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘சோல் சிட்டி’ மற்றொரு படியைக் காட்டுகிறது. தொலைக்காட்சி, வானொலி, அச்சு நூல் ஆகிய மூன்றையும் இணைத்த இத்தொடர், 1999-இல் குடும்ப வன்முறையைக் கருப்பொருளாக எடுத்துக்கொண்டது. மனைவியை அடிப்பவனின் வீட்டின்முன் அண்டை வீட்டார் கூடிப் பாத்திரங்களைத் தட்டி ஒலியெழுப்பும் காட்சி அதில் இடம்பெற்றது. நாட்டின் சில பகுதிகளில் மக்கள் அவ்வாறே செய்ததாகப் பின்னர் அறியப்பட்டது. தொடரோடு உதவித் தொலைபேசி எண்ணும் அறிவிக்கப்பட்டது. 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு பெண்கள் அமைப்புகளுடன் சேர்ந்து வலியுறுத்தப்பட்டது. இங்குக் கதையின் மையம் குற்றவாளி அல்லன். செயல்படக்கூடிய அண்டை வீட்டாரே.

கொங்குக் கேட்போர் மரபு

இத்தகைய பங்கேற்பு கொங்கு மண்ணுக்கு அயலானதன்று. உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படும் அண்ணன்மார் கதை இதற்குச் சான்று. காங்கேயம் பகுதியில் 1960-களில் இக்கதையை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த பிரெண்டா பெக் அதன் நெடுமையை உலகறியச் செய்தார். படுகளச் சடங்கில் அருள்வந்தோர் மாண்டவராய் வீழ்ந்து கிடக்க, தங்காள் அவர்களை எழுப்புகிறாள். கேட்போர் கதைக்குள் நுழைவதற்கு இங்குக் காலமும் இடமும் கிடைக்கின்றன. அரை மணி நேர விழிப்புணர்வு நாடகத்தில் இவ்வாய்ப்பு இல்லை. ஆகவே அதன் குறையை நாடகத்திற்கு வெளியே உள்ள ஏற்பாடுகளே நிரப்ப வேண்டும்.

தருமபுரிக் கலைப்பயணம்

சேலம், தருமபுரி மாவட்டங்களில் பெண்சிசுக் கொலை 1990-களில் பொதுவெளியில் கடுமையாகப் பேசப்பட்டது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. அன்றைய பேச்சில் குற்றவாளியாக நின்றவள் பெரும்பாலும் பெற்ற தாயே. வரதட்சணை, சொத்துரிமை மறுப்பு, கணவன் வீட்டார் நெருக்கடி ஆகியன பின்னணிக்குத் தள்ளப்பட்டன.

இந்நிலையில் டென்மார்க் அரசின் டேனிடா உதவியுடன் நடந்த நலவாழ்வுத் திட்டத்தின் பகுதியாக, 1990-களின் இறுதியில் தருமபுரி மாவட்டச் சிற்றூர்களில் கலைப்பயணம் மேற்கொள்ளப்பட்டது. அறிவொளி இயக்கம் பழக்கப்படுத்தியிருந்த வீதிநாடக வடிவமே இதற்கும் உதவியது. பயிற்சி பெற்ற கலைக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று நடித்தன. தாயைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதை விடுத்து, பெண்ணுக்கு வாழ்நாள் முழுவதும் இழைக்கப்படும் பாகுபாட்டை ஊரார் முன் வைப்பதே இதன் போக்காக இருந்தது. இம்முயற்சியை வெங்கடேஷ் ஆத்ரேயா, ஷீலா ராணி சுங்கத் ஆகியோர் ஆய்வுக்கு உட்படுத்தியுள்ளனர்.

கூத்து முடிந்தபின் ஊரில் எஞ்சியிருந்தவர் கிராமச் சுகாதாரச் செவிலியர். பிறப்பையும் சிசு மரணத்தையும் பதியும் அவரது பணியே சிக்கலின் அளவைக் காட்டியது. ‘சமூகக் காரணங்கள்’ என்ற தலைப்பில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பதியப்பட்ட பெண்சிசு மரணங்கள் ஆய்வாளர்க்கு அடிப்படைத் தரவாயின.

2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குச் சேலத்தில் 851, தருமபுரியில் 826 பெண் குழந்தைகள் இருந்தனர். 2011-இல் இரு மாவட்டங்களிலும் இவ்வெண் 900-ஐத் தாண்டியது. இம்மாற்றத்தைக் கலைப்பயணத்தின் பயன் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. அரசுத் திட்டங்கள், கல்வி, சிறுகுடும்ப விருப்பம் ஆகியவையும் உடன் இயங்கின. மேலும், பிறந்த சிசுவைக் காக்கச் சொல்லும் நாடகம், ஸ்கேன் மையத்தில் எடுக்கப்படும் முடிவை எட்டுவதில்லை என்பதும் அதன் எல்லையே.

நாமக்கல்லும் புள்ளிராஜாவும்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவாயிற்று. லாரித் தொழிலின் மையமான நாமக்கல், மிகுந்த கவனம் தேவைப்படும் மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. ஓட்டுநர், கிளீனர் ஆகியோரை நோக்கி லாரிகள் நிற்குமிடங்களில் பரப்புரை, ஆணுறை வழங்கல், பால்வினை நோய்ச் சிகிச்சை ஆகியன இணைத்து நடத்தப்பட்டன. 1996 முதல் நடத்தைக் கண்காணிப்பு ஆய்வுகளும் மேற்கொள்ளப்பட்டன.

2003-ஐ ஒட்டிச் சுவரொட்டிகளிலும் ஊடகங்களிலும் தோன்றிய ‘புள்ளிராஜா’ விளம்பரம் மாநிலமெங்கும் பேச்சாயிற்று. பல பெண்களிடம் செல்லும் கற்பனை மனிதர் ஒருவருக்கு எய்ட்ஸ் வருமா என்ற வினாவை அது எழுப்பியது. பேசத் தயங்கிய ஒன்றைத் தேநீர்க் கடைப் பேச்சாக்கியது அதன் வலிமை. ஆயினும் அப்பெயர் விரைவில் கேலிச்சொல்லாயிற்று. நோய், ஒழுக்கக்கேட்டின் அடையாளமாக மேலும் இறுகியது. திருமண உறவின் வழியாகவே தொற்றுப் பெற்ற மனைவியருக்கு அக்கதையில் இடமில்லை. கேலிக்கு அஞ்சியவர் பரிசோதனைக்கும் தயங்குவர் என்பதால் இக்குறை அழகியல் சார்ந்தது மட்டுமன்று.

அவ்விடத்தை நிரப்பியவர்கள் தொற்றுள்ளோரே. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி தம் நிலையை வெளிப்படையாக அறிவித்து, பிற பெண்களுடன் சேர்ந்து 1998-இல் பாசிடிவ் விமன் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கினார். கற்பனை மாந்தர் எழுப்பிய சிரிப்பைக் காட்டிலும், பெயரும் முகமும் உடைய ஒருவரின் சொல் வேறுவகை நம்பிக்கையைத் தந்தது எனலாம்.

முடிவுரை

இரு பரப்புரைகளும் மக்களைச் சென்றடைந்தன. தருமபுரிக் கலைப்பயணம் பழியைத் தனியொருத்தியிடமிருந்து ஊருக்கு மாற்றியது; செவிலியர் அமைப்போடு இணைந்து நின்றது. புள்ளிராஜா விளம்பரம் பேச்சைத் திறந்தது. ஆனால் பழியைத் தனியாள்மேல் நிறுத்தியது. இனிவரும் முயற்சிகளில் பாதிக்கப்பட்டோர் கதையாக்கத்தின் தொடக்கத்திலேயே பங்குபெற வேண்டும். உடுக்கைப்பாட்டின் நெடுங்கதைப் பண்பு, கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்தின் சமுதாய வானொலி போன்ற களங்களில் தொடர்நாடகமாக மறுவாழ்வு பெறலாம். மாண்டோரை எழுப்பும் தங்கையைக் கதைநாயகியாகக் கொண்ட மரபு, பெண்ணுயிர் காக்கும் பரப்புரைக்கு வேற்றிடம் தேட வேண்டியதில்லை.