வட்டியில்லாப் பயிர்க்கடனும் தவணையும்

காஞ்சீபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம் ஏரிப் பாசனத்தை நம்பிய கிராமம். மழை பொய்த்தாலும், 2015-ஆம் ஆண்டு இறுதியில் காஞ்சீபுரம் மாவட்டம் கண்டதுபோல வெள்ளம் மிகுந்தாலும், சிறு குடியானவர் மறுபோகத்திற்குரிய கைமுதலை இழப்பர். அந்நிலையில் அவர் லேவாதேவிக்காரரை நாடாதிருத்தற்பொருட்டே கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தோன்றின. சென்னை மாகாணத்தின் முதற் சங்கம் 1904-இல் திரூரில் ஏற்பட்டது.

தமிழ்நாட்டில் இச்சங்கங்கள் அளிக்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டியில்லை. அதனைச் சர்க்கார் ஏற்கிறது. தவணை தப்பினால் இச்சலுகை நீங்கும்.

ஆகையால் பயிர்ச்சேதம் நேர்ந்தவுடன், தவணை நாளுக்கு முன்னரே, சங்கத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். சர்க்கார் நஷ்டத்தை ஒப்புக்கொண்டால், குறுகிய காலக் கடனை மத்திய காலக் கடனாக மாற்ற வழியுண்டு. கிராம அதிகாரிகள் போகந்தோறும் வயலைப் பார்வையிட்டு அடங்கலில் பயிரைப் பதிதல் அவசியம். பதியப்படாத பயிருக்கு நஷ்டத்தை நிரூபித்தல் அரிது.